நான்காவது கேள்வி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. சொல்ல வேண்டியது மூன்று சாவு, அவ்வளவுதான். யார், எத்தனை வயது, எதனால். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யாராவது கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் தொண்டைக்குக் கீழே இறங்கிப் போய்விடும். சுகாதார நிலையத்து நீள பெஞ்சில் எனக்கு முன்னால் ஏழு பேர். ஒரு ஆள் எழுந்து போனதும் மற்ற எல்லோரும் எழுந்திருக்காமலே ஒரு இடம் நகர்கிறோம், நகர்ந்த இடம் முந்தின ஆளின் சூட்டோடு இருக்கிறது. பெஞ்சு முடிகிற இடத்தில் மேசை, மேசைக்குப் பின்னால் ரெஜினா சிஸ்டர், கையில் சுற்றிப் பிரசர் பார்க்கிற பட்டை, நீல அட்டை போட்ட பெரிய நோட்டு. நாலு கேள்வி கேட்கிறாள். வயது என்ன. பீடி, புகையிலை, பொடி உண்டா. நடக்கிறீர்களா, உப்பைக் குறைத்தீர்களா. நான்காவதாக, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது நெஞ்சு வலி வந்திருக்கிறதா, அதில் யாராவது போயிருக்கிறார்களா. வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதால் எல்லோரிடமும் உரக்கக் கேட்டே அவளுக்குப் பழகிவிட்டது. பதிலையும் உரக்கத் திருப்பிச் சொல்லித்தான் எழுதுவாள். கொஞ்ச நேரம் முன்பு ஒரு பெரியவருக்கு, "பொடி உண்டு, ஒரு நாளைக்கு ரெண்டு தடவ" என்று அவள் சொல்லிக்கொண்டே எழுத, அவர், "நாலு தடவ தாயி, எதுக்குக் கொறச்சு எழுதுத?" என்றார். பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடி திரும்பியபோதுதான் எனக்கு இரண்டு ஆள் பின்னால் சண்முகத்தாய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

சண்முகத்தாய் என் மகள் அனுசுயாவைப் பெண் கேட்டிருக்கிற மாப்பிள்ளையின் அத்தை. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். "என்ன மதினி, நீங்களும் செவ்வாக்கிழமைக் கச்சேரிக்கு வந்துட்டீகளா?" என்று அங்கிருந்தே கேட்டாள். "எனக்குச் சுகரு. உங்களுக்கு?" "சும்மா ஒரு தலச்சுத்து மதினி" என்றேன். இதுவும் பொய். வாயைத் திறந்தால் முதலில் பொய்தான் வந்து நிற்கிறது, கதவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிற செருப்பு மாதிரி. போன மாதம் இதே மேசையில் எனக்கு நூற்று அறுபது, நூறு என்று வந்தது. ரெஜினா சிஸ்டர் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள். நான்காவது கேள்விக்கு, "யாருக்கும் இல்ல சிஸ்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை. "இல்லன்னா சரி. ஒரு மாசம் நடங்க, உப்பக் கொறைங்க, அதுக்கப்புறம் பாப்போம். வீட்ல யாருக்காச்சும் இருந்திருந்தா இன்னைக்கே டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன்" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் ஒரு மாதமாக என் கூடவே இருக்கிறது. நான் வேலை செய்கிற சேவுக் கடையில் பொட்டலம் போடும்போது இருக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது ஏழாவது படியில் நெஞ்சுக்குள் ஒரு கல் வந்து உட்காருகிறதே, அப்போது மிகவும் இருக்கிறது. கல் இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடும். போய்விட்டது என்றால் அது இல்லை என்றுதானே அர்த்தம். அப்படியும் இல்லை. அது மறுபடி வரும் வழி தெரிந்துகொண்டு போகிறது.

எங்கள் வீட்டில் நெஞ்சு வலி யாருக்கும் வந்ததில்லை. அப்படித்தான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா நாற்பத்தெட்டு வயதில் கல்குவாரியில் வேலை செய்துகொண்டிருந்தபோது சுருண்டு விழுந்தார். வெயில் அடித்துவிட்டது என்று சொன்னோம். அது மார்கழி மாதம். கேட்டவர்கள் யாரும் மாதத்தை யோசிக்கவில்லை. அண்ணன் சுயம்புலிங்கம் ஐம்பத்தொரு வயதில் போனார். சேவுக் கடையில் மாஸ்டர், கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் இருபத்தாறு வருஷம் நின்ற ஆள், வாயில் பீடி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று சொன்னோம். விழுந்தது உண்மை. விழுந்ததற்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதை மட்டும் விட்டுவிட்டோம். தங்கச்சி பொன்மாரிக்கு மூன்று வருஷம் முன்பு நாற்பத்துநாலு வயது. அவளை வீட்டுக்குள் கிடத்தியிருந்தபோதே சித்தப்பா எங்களைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, "காமாலைன்னு சொல்லுங்க" என்றார். "வயசுக்கு வந்த பொண்ணு இருக்கு உன் வீட்ல. நெஞ்சுன்னு சொன்னா அடுத்து யாருன்னு கேப்பான். காமாலைன்னா அது வந்தவளோட போயிரும்." எனக்கு அது அப்போது சரியாகத்தான் பட்டது. இப்போதும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் தொந்தரவு. பதினாறு நாளும் வந்தவர்களிடமெல்லாம் காமாலை என்றேன். கண்ணு மஞ்சளாச்சா என்று கேட்டார்கள், ஆச்சு என்றேன். நகம்? நகமும்தான். சண்முகத்தாய் பெண் பார்க்க வந்தபோது, "உங்க பக்கம் ஆயுசெல்லாம் எப்படி மதினி?" என்று காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். பெண் எடுக்கிற வீட்டில் யாராவது கேட்கத்தான் செய்வார்கள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் மூன்றையும் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தேன். "கீழாநெல்லி குடுக்கலையா?" என்றாள். "குடுத்தோம் மதினி, மோருல அரச்சு மூணு நாள் குடுத்தோம்" என்றேன். அரைத்த அம்மி எனக்குக் கண்ணில் தெரிந்தது. இப்போதும் தெரிகிறது. பொன்மாரியை நினைத்தால் மஞ்சள் கண்ணோடுதான் வருகிறாள். அவள் கண் வெள்ளையாக இருந்தது என்பது எனக்குத் தெரியும், ஆனால் அதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று.

ஆறு பேர். நகர்ந்தாயிற்று. சுவரில் ஒரு படம், தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, ஒரு டீஸ்பூன் உப்பு. உப்புக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு இவ்வளவுதான் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு உப்பை எங்கள் கடையில் ஒரு பொட்டலச் சேவிலேயே போட்டுவிடுவார்கள் என்று தோன்றுகிறது. சாக்கின் அடியில் மிஞ்சுகிற தூள் சேவை வேலைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பதினெட்டு வருஷமாக அந்தத் தூள் எங்கள் வீட்டில் டீக்குக் கடி, சோற்றுக்குத் தொடுகறி. அனுசுயா அதைத் தின்றே வளர்ந்தாள். அண்ணன் இருந்தவரை பொரித்த எண்ணெயும் தூக்குவாளியில் வரும், கறுத்து, தேன் மாதிரி கெட்டியாக. அதில் தாளித்தால்தான் குழம்பு மணக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். இந்த ஒரு மாதமாக நான் உப்பைப் பாதியாக்கிவிட்டேன், அப்பளத்தையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டேன், எண்ணெயைக் கரண்டியில் அளந்து ஊற்றுகிறேன். முதல் நாளே தட்டைத் தள்ளிவிட்டார். "இப்படித் தின்னு நூறு வயசு இருந்து என்ன செய்யப் போற? நெலாவுக்குப் போகப் போறியா?" என்றார். பிறகு எழுந்துபோய் உப்பு டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். இப்போது அது அங்கேயே குடியிருக்கிறது. நடப்பதுதான் இன்னும் சங்கடம். எங்கள் தெருவில் ஒரு பொம்பளை சும்மா நடக்க முடியாது. அரை மணி நேரம் காரணம் இல்லாமல் நடந்தால் வீட்டில் சண்டை என்பார்கள், இல்லாவிட்டால் சீக்கு என்பார்கள். அதனால் ஒரு வயர்கூடையைத் தூக்கிக்கொள்கிறேன். "எங்கக்கா இவ்வளவு வெரசா?" என்று கேட்பார்கள். கறிவேப்பிலை வாங்க என்பேன். சொன்னதற்காக வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் அனுசுயா முறத்தில் குவிந்து கிடந்ததைக் காட்டி, "எம்மா, கறிவேப்பிலையில யாவாரம் ஆரம்பிக்கப் போறியா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் கீழே நின்று படிகளை எண்ணினேன். ஏழாவதில் நிற்கிறாளா என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஒன்பதாவதில் ஒரு மூச்சு வாங்கினாள். எல்லோரும்தான் வாங்குவார்கள். குடம் கனமான குடம்.

மூன்று வருஷம் முன்பு அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். பொன்மாரி அடுத்த தெருவிலிருந்து பிளாஸ்க் கேட்டு வந்தாள். நைட்டி, தோளில் ஒரு துண்டு. வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, தாடையெல்லாம் ஒரு மாதிரி இழுக்கு. தோள்பட்டையில யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு." எந்தத் தோள் என்று நான் கேட்கவில்லை. "வாயுவா இருக்கும். நேத்து என்ன தின்ன?" என்றேன். "உன் வீட்டுத் தூள் சேவுதான். அள்ளி அள்ளிக் குடுத்தியே, கொல்லப் பாத்தியா?" என்று சிரித்தாள். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன், பாதி குடித்தாள். முதுகைத் தடவிவிட்டேன், நைட்டி முதுகோடு ஒட்டியிருந்தது, துண்டால் துடைக்கத் துடைக்க வேர்த்தது, சித்திரை மாதம் வேர்க்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். பிறகு அவள் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. அப்போதுதான் பயந்துபோய் எதிர்வீட்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆட்டோ ஐந்து நிமிடத்தில் வாசலில் நின்றது. இதுவரை எனக்கு எல்லாம் வரிசையாக வருகிறது. இதற்குப் பிறகுதான் நூல் சிக்குகிறது. "இந்தக் கோலத்துலயா ஆஸ்பத்திரிக்கு?" இதை யார் சொன்னது? அவள் சொன்னாளா, நான் சொன்னேனா? சில நாள் அவள் குரலில் கேட்கிறது, பெரும்பாலும் என் குரலில் கேட்கிறது. அவளை உள்ளே கூட்டிப்போய்ச் சேலை கட்டிவிட்டேன். என் ரவிக்கை அவளுக்குப் பற்றவில்லை, அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பி ரவிக்கை வாங்கிவரச் சொன்னேன், அது வரும்வரை தலையை வாரினேன். கொசுவத்தை மடித்துச் சொருகினேன். ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். "இந்தா வந்துட்டோம்ணே" என்று கத்தினேன். அரை மணி நேரம். நாற்பது நிமிடம் என்று ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் அதைத்தான், வலி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? அழகாகத்தான் கிளம்பிப் போனாள். சிவப்புக் கரை வைத்த பச்சைச் சேலை. கடைசியில் அந்தச் சேலையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

மூன்று பேர். எப்போது இவ்வளவு நகர்ந்தேன் தெரியவில்லை. இடது கை மரத்திருக்கிறது. கூடையை மடியில் வைத்து அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டிருப்பதால் இருக்கும். விரலை மடக்கி நீட்டுகிறேன், நீள்கிறது. எழுந்து போய்விடலாம், அடுத்த செவ்வாய்க்கிழமை வரலாம், அதற்குள் பூ வைத்துவிடுவார்கள். பூ வைத்தாலும் கல்யாணம் முடியவில்லையே. அப்படியானால் கல்யாணம் முடிந்து வரலாம், ஆவணியில். கல்யாணம் முடிந்தால் பிள்ளை உண்டாகட்டும் என்று தோன்றும். நாள் என்பது தள்ளத் தள்ளத் தள்ளிக்கொண்டே போகும், எங்கள் அண்ணன் அப்படித்தான் பொங்கல் கழியட்டும் பீடியை விடுகிறேன் என்று எட்டுப் பொங்கல் சொன்னார். ரெஜினா சிஸ்டரின் காதோடு சொல்லலாமா? அவள் அதைத் திருப்பி உரக்கத்தான் சொல்வாள். பின்னால் சண்முகத்தாய் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். "இவுகதான் எங்க சம்பந்தகாரி ஆகப்போறவுக. தங்கமான குடும்பம். பொண்ணு வாயத் தொறக்க மாட்டா, அம்புட்டு அடக்கம்." பக்கத்து ஆள் என்னை எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் பல்லைக் காட்டுகிறேன். மாப்பிள்ளை நல்ல பையன், மின்சார வாரியத்தில் வேலை, அனுசுயா அவனோடு போனில் பேசும்போது குரல் வேறாகிவிடுகிறது. அந்தக் குரலை நான் கெடுக்கப்போகிறேனா? வீட்டுக்குப் போனால் அவள் என் முகத்தைப் பார்ப்பாளே. ஆனால் கெடுக்காமல் விட்டால் என்ன ஆகும். அவளுக்கும் நாற்பத்துநாலு வயது வரும். ஏதோ ஒரு வீட்டில், யாரோ ஒருத்தி, வாயுவாக இருக்கும் என்பாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி வந்ததில்லை என்று அனுசுயாவே சொல்லுவாள். அவளுக்குத் தெரிந்தது அதுதானே. அவளிடமும் காமாலை என்றுதானே சொல்லி வைத்திருக்கிறேன். இது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. ஊருக்குச் சொன்ன பொய் வீட்டுக்குள்ளேயும் இருக்கிறது, என் பிள்ளை அதைத்தான் நம்பிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறாள். கூடையின் பிடி உள்ளங்கையில் அழுந்திக் கோடு போட்டிருக்கிறது. இரண்டு பேர். ஒருவர்.

நாற்காலியில் உட்காருகிறேன். ரெஜினா சிஸ்டர் பட்டையைச் சுற்றுகிறாள், அது கையை ஒரு பிடி பிடித்து, இறுக்கி, மெல்ல விடுகிறது. "நூத்தி அறுவத்தெட்டு, நூறு" என்று உரக்கச் சொல்கிறாள். "நடந்தீங்களாக்கா?" நடந்தேன் என்கிறேன். "உப்பு?" குறைத்துவிட்டேன் என்கிறேன். "எல்லாஞ் செஞ்சும் கூடித்தான இருக்கு" என்று நோட்டில் என் பழைய பக்கத்தைப் புரட்டுகிறாள். "வீட்ல யாருக்கும் நெஞ்சு வலி இல்லன்னு போன மாசம் சொல்லியிருக்கீங்க. அப்படியே போட்டுரட்டா?" தலையை ஆட்டினால் போதும். பேசக்கூட வேண்டாம். அவள் பேனா பேப்பருக்கு வந்துவிட்டது. "இல்ல சிஸ்டர்" என்கிறேன். "இல்லைன்னா போட?" "இல்ல, இருக்கு." பேனா நிற்கிறது. "யாருக்கு?" "தங்கச்சிக்கு. காமா..." நாக்கு தன்னாலே அங்கே போகிறது, மூன்று வருஷம் போன தடம். "காமாலை இல்ல. நெஞ்சு வலி." "தங்கச்சி, நெஞ்சு வலி" என்று ரெஜினா சிஸ்டர் அறை முழுக்கக் கேட்கச் சொல்கிறாள். "இருக்காங்களா?" "இல்ல." "வயசு?" "நாப்பத்தி நாலு." பின்னால் நடந்துகொண்டிருந்த பேச்சு நிற்கிறது. "அண்ணன். அம்பத்தொண்ணு. அப்பாவும். நாப்பத்தெட்டு." மூன்றையும் அவள் உரக்கச் சொல்லி எழுதுகிறாள். எழுதிவிட்டு என்னைப் பார்க்கிறாள், என் தோளுக்குப் பின்னால் பெஞ்சைப் பார்க்கிறாள். முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, "ஏங்க்கா போன மாசமே சொல்லல?" என்கிறாள். "மாடி ஏறினா நெஞ்சு அமுக்குது சிஸ்டர். ஒரு மாசமா" என்கிறேன். "இன்னைக்கே டாக்டரப் பாருங்க, வீட்டுக்குப் போயிட்டு வாரேன்னு போயிராதீங்க. இசிஜி எடுக்கணும், ரத்தம் குடுக்கணும்" என்று ஒரு சீட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுக்கிறாள். பின்னாலிருந்து, "மதினி" என்று சண்முகத்தாயின் குரல். அந்த ஒரு வார்த்தைதான். கேள்வியா, கோபமா, தெரியவில்லை. திரும்பினால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன், என்னை எனக்குத் தெரியும். திரும்பவில்லை. சீட்டை நீட்டிவிட்டு ரெஜினா சிஸ்டர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போகிறாள். "இன்னொரு பேரும் எழுதிக்கோங்க சிஸ்டர்" என்கிறேன். "யாரு?" "எம் மக. அனுசுயா. இருவத்தஞ்சு வயசு. நாளைக்கே கூட்டிட்டு வாரேன்." "அனுசுயா, இருவத்தஞ்சு" என்று அவள் உரக்கச் சொல்லிப் புதுப் பக்கம் திருப்புகிறாள். "அவங்களுக்கு வீட்ல யாருக்கு நெஞ்சு வலின்னு போட?" "தாத்தா, மாமா, சித்தி" என்கிறேன், பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி. கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவுக்கும் இருக்கலாம்னு போட்டுக்கோங்க" என்கிறேன். அவள் எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. பிறகு சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே இருக்கிற வரிசையில் போய் நிற்கிறேன்.